கேரோமோர் கல்லறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் வடமேற்கில், ஸ்லைகோ நகரத்துக்குப் பக்கத்தில் கேரோமோர் என்று ஒரு சின்ன இடம். ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்லறைகள் அங்கே முப்பதுக்கு மேல் இருக்கின்றன. டப்ளினிலிருந்தும் கால்வேயிலிருந்தும் வார இறுதிக்கு இந்தப் பக்கம் வருகிற நம்மவர்கள் என்னிடம் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை என்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

கேரோமோர்னா என்ன? ஊரா, மியூசியமா?

இரண்டும் இல்லை. ஸ்லைகோவிலிருந்து தென்மேற்கே ஐந்து கிலோமீட்டருக்குள், கூலேரா தீபகற்பத்தின் நடுவில் இருக்கும் விவசாய நிலம். மேற்கே நாக்னரே மலை, கிழக்கே பாலிகாலி குன்றுகள். புல்வெளி, கல் சுவர், மாடு, ஆடு, அங்கங்கே வீடுகள். இவற்றுக்கு நடுவேதான் கல்லறைகள்.

அயர்லாந்தில் ஒரே இடத்தில் இத்தனை கற்காலக் கல்லறைகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் இது முதல் வரிசை. எல்லாம் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் வேலி போட்ட ஒரே பூங்கா என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். நடுவில் சாலை போகிறது, பாதிக் கல்லறைகள் அடுத்தவர் வயலில் நிற்கின்றன.

டவுன்லேண்ட்னு போட்டிருக்கே, டவுன் எங்கே இருக்கு?

டவுனே கிடையாது. டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தில் நிலத்தைப் பிரிக்கும் மிகச் சிறிய பிரிவு. கேரோமோர் அப்படி ஒன்று. நாடு முழுக்க 60,000க்கு மேல் இருக்கின்றன. சில நூறு ஏக்கர் என்பது சராசரி. ஓரிரு ஏக்கரில் முடிவதும் உண்டு, ஆயிரக்கணக்கில் விரிவதும் உண்டு. எல்லை என்பது பெரும்பாலும் ஒரு ஓடையோ பழைய வரப்போ சுவரோதான். பிரிவுகள் பல ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இருந்தவை. 1824இல் தொடங்கிய நில அளவைப் பணி, நிலவரி போடுவதற்காக எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றி, ஐரிஷ் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தது.

இன்றைக்கும் கிராமப்புறத்தில் பல வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. குடும்பப் பெயர், டவுன்லேண்ட் பெயர், அவ்வளவுதான் முகவரி. 2015இல் வீட்டுக்கு வீடு தனி அஞ்சல் குறியீடு வரும்வரை தபால்காரர் இதை வைத்தேதான் வீடு கண்டுபிடித்தார். கூரியர்க்காரர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பு வரும்.

மேப்புல கேரோமோர்னு போட்டா மேயோ பக்கம் கூட்டிட்டுப் போகுது. ஏன்?

அந்தப் பெயரில் நிறைய இடங்கள் இருப்பதால். 'பெரிய கால் பங்கு நிலம்' என்று பொருள்படும் பொதுப் பெயர் அது. மேற்கு அயர்லாந்தில் மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு கேரோமோர் கிடைக்கும். மேயோவில் அதே பெயரில் ஒரு ஏரியும் இருக்கிறது. 'ஸ்லைகோ' என்ற சொல்லையும் 'மெகாலிதிக்' என்ற சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். தெற்கு ஸ்லைகோ மலைமேல் இருக்கும் கேரோகீல் வேறு இடம். அதுவும் கற்காலக் கல்லறைத் தொகுதிதான் என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

அங்கே போனா கண்ணால பார்க்க அப்படி என்ன இருக்கு?

முதல் பார்வையில் ஏமாற்றமாக இருக்கலாம். சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைத் திட்ட வேண்டாம். கோபுரம், சிலை, எழுத்து என்று எதுவும் இல்லை. புல்லில் வட்டமாகக் கிடக்கிற பாறாங்கற்கள், நடுவில் சில செங்குத்துக் கற்கள், அவற்றின் தலையில் ஒரு பெரிய கல். சிலவற்றில் நடுக் கற்கள் போய் வட்டம் மட்டும் மிச்சம். சிலவற்றில் வட்டத்தின் பாதியும் போய்விட்டது.

நன்றாக நிற்பதில் ஒன்று 7ஆம் எண் கல்லறை. அதன் முன் குந்தி உட்கார்ந்து பாருங்கள். ஐந்து கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நின்று ஐங்கோண அறை ஆகின்றன. மேலே மூடுகல். கூரைக்கும் காலுக்கும் இடையில் விரல் நுழையும் சந்து தெரியும். கற்கள் நைஸ் என்ற வகைப் பாறை, சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடும். மழை பெய்து ஓய்ந்தபின் அந்தக் கோடுகள் பளிச்சென்று தெரியும். மேலே மஞ்சள், வெள்ளைப் பாசித் திட்டுகள். சொரசொரப்பான விளிம்பில் ஆட்டு ரோமம் சிக்கியிருக்கும், ஆடுகளுக்கு முதுகு சொறிய இதைவிட நல்ல இடம் கிடையாது போலிருக்கிறது.

வட்டத்தின் குறுக்களவு பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர், முப்பது நாற்பது பாறைகள். அறைக்குள் நுழைய ஒரு குட்டையான நடைவழி இருக்கும், பல இடங்களில் அதற்கு அடையாளம் மட்டும் மிச்சம். அதனால்தான் இவற்றை நடைவழிக் கல்லறை வகையில் சேர்க்கிறார்கள். அயர்லாந்தின் கிழக்கே இருக்கும் புகழ்பெற்ற கல்லறையான நியூகிரேஞ்சில் நீங்கள் பார்த்த நீண்ட சுரங்கம் மாதிரி நடைவழியின் ஆரம்ப கால, எளிய வடிவம் இது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

எவ்வளவு பழசு? பிரமிடைவிடப் பழசுன்னு சொல்றது நிஜமா?

நிஜம்தான். கீசாவின் பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில் கட்டியது. கேரோமோர் கல்லறைகள் கி.மு. 3700 வாக்கில் தொடங்கி கி.மு. 3000ஐ ஒட்டிய காலம்வரை பயன்பாட்டில் இருந்தவை. நியூகிரேஞ்ச்கூட கி.மு. 3200 அளவில்தான் வருகிறது, அதாவது கேரோமோருக்குப் பல தலைமுறை பின்னால்.

தோற்றத்தைப் பார்த்துவிட்டு நம் ஊர்க் கல்திட்டையும் கல்வட்டமும் நினைவுக்கு வரும், எல்லோருக்கும் வருகிறது. உருவ ஒற்றுமைதான், தொடர்பு இல்லை. அவை இரும்புக் காலத்தவை. இவை உலோகமே தெரியாத காலத்தவை.

7,000 வருஷம்னு ஒரு வீடியோவில் பார்த்தேனே?

அந்தக் கணக்குக்கும் ஒரு கதை உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த தொல்லியலாளர் யோரன் புரென்ஹுல்ட் 1977 முதல் 1982 வரையும், பிறகு 1990களிலும் இங்கே அகழாய்வு செய்தார். சில கல்லறைகளில் கிடைத்த கரித்துண்டுகளின் கதிரியக்கக் கரிமக் கணக்கு, விவசாயம் அயர்லாந்துக்கு வருவதற்கு முந்தைய காலத்தைக் காட்டியது. வேட்டையாடி மீன் பிடித்து வாழ்ந்தவர்களே இவற்றைக் கட்டியிருக்கலாம் என்றார் அவர். பெரிய பரபரப்பு.

கரியை வைத்துக் காலம் சொல்வதில் ஒரு சிக்கல். எரித்த மரம் ஏற்கெனவே மிகப் பழையதாக இருந்திருக்கலாம், அல்லது கல்லறைக்கு முன்பே அந்த இடத்தில் யாரோ மூட்டிய நெருப்பின் கரியாக இருக்கலாம். தொல்லியலாளர்கள் ஸ்டெஃபான் பெர்க், ராபர்ட் ஹென்ஸி இருவரும் வேறு வழி எடுத்தார்கள். இறந்தவர்களோடு சேர்த்து வைத்த எலும்பு, மான்கொம்பு ஊசிகளையே சோதனைக்கு அனுப்பினார்கள். 2013இல் வெளியான அந்த 25 கணக்குகளும் முந்தைய பதிலில் சொன்ன காலத்துக்குள்தான் வந்தன. பிணத்தோடு போன பொருளின் சாட்சிதான் எனக்கு வலுவாகத் தெரிகிறது. பழைய கணக்கு வீடியோக்களில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

யார் கட்டினது? செல்ட்டுகளா, ட்ரூயிட் பூசாரிகளா?

இரண்டு பேருமே இல்லை. செல்டிக் மொழி பேசியவர்களும் ட்ரூயிட்களும் வரலாற்றில் தலைகாட்டுவதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்பே இந்தக் கற்கள் நின்றுவிட்டன. 18, 19ஆம் நூற்றாண்டு ஆர்வலர்கள் கல்லைப் பார்த்த இடத்திலெல்லாம் 'ட்ரூயிட் பலிபீடம்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கட்டியவர்கள் அயர்லாந்தின் முதல் விவசாயிகள். மாடு, ஆடு, கோதுமை, பார்லியோடு கடல் தாண்டி வந்தவர்களின் வழி வந்தவர்கள். ஸ்லைகோ நகரத்தின் ஓரத்தில் மாகெராபாய் என்ற இடத்தில் சாலை போடும்போது, பள்ளமும் மரவேலியுமாகச் சுற்றி வளைத்த ஒரு பெரிய அடைப்பின் தடம் வெளிப்பட்டது. கி.மு. 4000ஐ ஒட்டியது. ஆக, கல்லறை எழும்புவதற்குச் சில நூறு வருஷம் முன்பே இந்த வட்டாரத்தில் விவசாயக் குடிகள் காலூன்றியிருந்தார்கள்.

அப்போ இப்ப இருக்கிற ஐரிஷ்காரங்க அவங்க வாரிசுதானே?

அப்படி நேராகச் சொல்ல முடியாது. பழங்கால மரபணுவைப் படித்ததில் இந்தக் கல்லறை மக்களின் வேர், துருக்கி அமைந்துள்ள அனடோலியாப் பகுதியிலிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவிய விவசாயிகளிடம் போகிறது. கி.மு. 2500க்குப் பிறகு, வெண்கலத்தோடு வேறொரு மக்கள் கூட்டம் வந்தது. அவர்களின் வேர் கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளில். இன்றைய ஐரிஷ் மக்களின் மரபணுவில் பெரும்பங்கு இந்தப் பின்னால் வந்தவர்களோடுதான் பொருந்துகிறது. கல்லறை கட்டியவர்களின் பங்கு கொஞ்சம்தான்.

உள்ளூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும், சிலர் சிரிப்பார்கள். நிலத்தோடு உள்ள உறவுக்கு ரத்தம்தான் சாட்சி என்று நானும் நினைக்கவில்லை. குப்பைக் கிடங்கு வழக்கைப் பற்றிக் கீழே படித்தால் ஏன் என்று தெரியும்.

கிரேன் இல்லாம இத்தனை பெரிய கல்லை எப்படித் தூக்கினாங்க?

முதல் பாதி வேலையைப் பனி செய்துவிட்டது. பனியூழிக் காலத்துப் பனிப்பாறைகள் ஆக்ஸ் மலைத் தொடரிலிருந்து நைஸ் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்து, உருகும்போது இந்தச் சரளை மேட்டில் போட்டுவிட்டுப் போயின. தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டிய தேவை இல்லை, பொறுக்கி எடுத்தால் போதும்.

மூடுகற்கள் பல டன் இருக்கும். மண்ணையும் சிறு கல்லையும் கொட்டிச் சாய்தளம் அமைத்து, மரத்தடியை நெம்புகோலாக வைத்து, கயிறு கட்டி இழுத்து ஏற்றினார்கள் என்பதுதான் பொதுவான விளக்கம். இருபது முப்பது பேர் ஒற்றுமையாக நின்றால் முடிகிற வேலை. எனக்கு ஆச்சரியம் தூக்கியதில் இல்லை, கல்லைத் தேர்ந்தெடுத்ததில்தான். ஒரு பக்கம் தட்டையான கல்லாகப் பார்த்து, தட்டைப் பக்கத்தைக் கீழே வைத்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் சீரான கூரை, வெளியேயிருந்து பார்த்தால் முரட்டுப் பாறை.

உள்ளே புதைச்சது ராஜாக்களையா?

பெரும்பாலும் புதைக்கவில்லை, எரித்தார்கள். எரிந்த எலும்புகளை அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள், அதுவும் ஒரே ஆளுடையதை மட்டும் அல்ல, பலருடையதை. நடுவில் இருக்கும் லிஸ்டோகில் என்ற பெரிய கல்லறையில் மட்டும் எரித்த எலும்போடு எரிக்காத எலும்பும் கிடைத்தது. கூடவே காளான் தலை மாதிரி முனை செதுக்கிய மான்கொம்பு ஊசிகள், கல்லாலும் சுண்ணாம்பாலும் செய்த சிறு உருண்டைகள், சிப்பிகள், பானை ஓடுகள். ஊசிகளும் நெருப்பில் வெந்திருக்கின்றன, ஆகவே பிணத்தை மூடிய துணியிலோ தோலிலோ குத்தியிருக்க வேண்டும்.

ராஜாவா என்ற கேள்விக்கு 2020இல் ஒரு திருப்பம் வந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் லாரா காசிடி தலைமையிலான குழு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், நியூகிரேஞ்சின் உள் அறையில் கிடைத்த ஓர் ஆணின் பெற்றோர் உடன்பிறந்தவர்களாகவோ பெற்றோர்–பிள்ளையாகவோ இருந்தது தெரிந்தது. உலகில் வேறு சில இடங்களில் இப்படிப்பட்ட உறவு அரச குடும்பத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது. அதே ஆய்வு, அவருக்கு கேரோமோரிலும் கேரோகீலிலும் தூரத்துச் சொந்தங்கள் இருந்ததையும் காட்டியது. இரண்டு கடற்கரைகளுக்கு இடையே 150 கிலோமீட்டருக்கு மேல் தூரம்! 'ராஜா' என்று முத்திரை குத்தத் தயங்குவேன், மற்ற ஆய்வாளர்களிலும் தயங்குபவர்கள் உண்டு. ஆனால் யார் வேண்டுமானாலும் இந்தக் கல்லறைகளுக்குள் போய்விடவில்லை என்பது தெளிவாகிறது.

மலை உச்சியில தெரியற கல்குவியல்தான் மேவ் ராணி சமாதியா?

கதைப்படி ஆமாம். கொனாக்ட் நாட்டின் மேவ் ராணி, எதிரிகளைப் பார்த்தபடி, கையில் ஈட்டியோடு நின்ற கோலத்தில் அங்கே புதைக்கப்பட்டாள் என்பார்கள். மேவ் பழைய ஐரிஷ் காவியங்களில் வருகிறவள், கதை நடப்பதாகச் சொல்லப்படும் காலம் கிறிஸ்து பிறப்பையொட்டி. குவியலோ அதற்கு ஏறத்தாழ மூவாயிரம் வருஷம் முந்தையது என்று கணிக்கிறார்கள்.

நாக்னரே மலை 327 மீட்டர். உச்சியில் குவியல் மட்டும் பத்து மீட்டர் உயரம், அடியில் சுமார் 55 மீட்டர் அகலம். இதுவரை யாரும் முறையாக அகழ்ந்ததில்லை. உள்ளே நடைவழிக் கல்லறை இருக்கும் என்று ஊகிக்கிறார்கள். கேரோமோரில் எந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றாலும் நிமிர்ந்தால் அதுதான் கண்ணில் படும்.

மலைக்கு ஒரு கல்லு எடுத்துட்டுப் போய் வெச்சா நல்லதாமே?

கீழேயிருந்து கல் கொண்டுபோய்ச் சேர்ப்பது பழைய வழக்கம், அங்கிருந்து எடுத்து வந்தால் ஆகாது என்பதும் வழக்கம். இப்போது ஆள் நடமாட்டம் கூடி, குவியலின் மேல் ஏறி ஏறிக் கற்கள் சரிகின்றன. அதனால் தயவுசெய்து ஏறாதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். மேலே நின்று செல்ஃபி எடுக்கும் கூட்டத்தில் நம்மவர்களையும் பார்க்கிறேன். சுற்றி நடந்தாலே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பென்பல்பென் மலை, எல்லாம் தெரிகிறதே, மேலே ஏறி என்ன கூடுதலாகப் பார்க்கப் போகிறோம்?

நடுவுல இருக்கிற பெரிய குவியல் புதுசா கட்டின மாதிரி இருக்கே?

உங்கள் கண் சரி. அதுதான் மேலே சொன்ன லிஸ்டோகில், கல்லறைகளுக்கு எண் போட்ட ஜார்ஜ் பெட்ரியின் பட்டியலில் 51ஆம் எண். குறுக்களவு சுமார் 34 மீட்டர். மற்றக் கல்லறைகளில் பல இதைப் பார்த்தே வாசல் வைத்திருக்கின்றன. இதன் மூடுகல் மட்டும் சுண்ணாம்புக்கல் பலகை. அதன் விளிம்பில் மங்கலான செதுக்கல் இருக்கிறது.

மேலே இருந்த கற்குவியலைப் பல தலைமுறைகளாகச் சுவர் கட்ட அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். 1990களின் அகழாய்வுக்குப் பிறகு குவியலைத் திரும்ப எழுப்பி, நடு அறைக்குப் போகக் கம்பிவலைக் கூடைகளில் கல் அடுக்கி ஒரு வழியும் விட்டார்கள். தொல்லியலாளர்களிலேயே பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, நெடுஞ்சாலை ஓரத் தடுப்புச் சுவருக்குள் நடக்கிற உணர்வுதான் வருகிறது. ஆனால் அதன் பெயரால் உள்ளே நிற்கும் அறையைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.

நியூகிரேஞ்ச் மாதிரி இங்கேயும் சூரியன் உள்ளே வருமா?

லிஸ்டோகிலில் வரும். அக்டோபர் கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் கிழக்கே பாலிகாலி குன்றுகளின் பள்ளத்திலிருந்து எழும் சூரியன் மூடுகல்லின் அடிப்பக்கத்தில் படுகிறது. குளிர்காலத்தின் தொடக்கமும் முடிவும் என்று ஐரிஷ் மரபு கொண்டாடும் நாட்களுக்கு இது நெருக்கம். நியூகிரேஞ்சில் இருப்பது போல ஒளிக்கென்று தனியாக விட்ட சாளரம் இங்கே இல்லை. அதனால் கட்டியவர்கள் திட்டமிட்டே வைத்ததா என்பதில் அங்கே இருக்கும் உறுதி இங்கே இல்லை. மேகம் ஒத்துழைக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

முன்னாடி இன்னும் நிறைய இருந்துச்சாமே, மீதியெல்லாம் எங்கே?

சுவரில் இருக்கின்றன, சாலைக்கடியில் இருக்கின்றன, சரளைக் குழிகளில் காணாமல் போயின. 1779இல் ஓவியர் கேப்ரியல் பெராஞ்சே வந்து வரைந்தபோது இருந்தவற்றில் சில அடுத்த நூற்றாண்டிலேயே இல்லை. 1837இல் நில அளவைக் குழுவின் ஜார்ஜ் பெட்ரி ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். இன்றும் அந்த எண்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. எண் வரிசையில் விடுபட்டவை அவர் பார்த்து, நாம் பார்க்க முடியாதவை.

தோண்டியதிலும் நாசம் நடந்தது. நாக்னரே சரிவில் வாழ்ந்த நிலக்கிழார் ரோஜர் வாக்கர் 19ஆம் நூற்றாண்டில் பல கல்லறைகளைத் திறந்தார், குறிப்பு எழுதியது குறைவு. அவருடைய சேகரிப்பு கடைசியில் இங்கிலாந்தின் ஆல்ன்விக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. 1880களில் உட்-மார்ட்டின் என்ற தொல்லியல் ஆர்வலர் வந்து மிச்சத்தைத் தோண்டினார். அவர் கொஞ்சம் பரவாயில்லை, எழுதியாவது வைத்தார். சரளை வெட்டுவது 20ஆம் நூற்றாண்டிலும் நிற்கவில்லை.

குப்பைக் கிடங்கு கேஸ்னு உள்ளூர்ல சொல்றாங்களே, அது என்ன?

1983இல் ஸ்லைகோ மாவட்ட நிர்வாகம், கல்லறைகளுக்குப் பக்கத்தில் தோண்டிப்போட்டிருந்த ஒரு சரளைக் குழியை நகரத்துக் குப்பை கொட்டும் இடமாக்க முடிவு செய்தது. குழி ஏற்கெனவே இருக்கிறது, கல்லறையைத் தொடப்போவதில்லை, என்ன பிரச்சினை என்பது அவர்கள் வாதம். அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஐந்து பேர் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார்கள். 1989இல் ஜெயித்தார்கள்.

தீர்ப்பின் சாரம் இதுதான்: இந்தத் தொல்லியல் பகுதியைப் பாதுகாப்போம் என்று நிர்வாகமே தன் வளர்ச்சித் திட்டத்தில் எழுதிவைத்திருக்கிறது. எழுதியதற்கு விரோதமாக அதுவே நடக்கக் கூடாது. கல்லறை என்றால் கல் மட்டும் அல்ல, அதைச் சுற்றியிருக்கும் நிலமும் சேர்த்துத்தான் என்ற பார்வைக்கு இதனால் சட்டத்தின் பலம் கிடைத்தது. அதன்பின் அரசு இங்கே நிலம் வாங்கியது. இன்று நீங்கள் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கிற இடம் அப்படி வந்ததுதான். தோற்றிருந்தால் செலவுத் தொகையே அந்தக் குடும்பங்களை முடக்கியிருக்கும். அயர்லாந்தில் வழக்குச் செலவு என்ன என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

பக்கத்து வயல்ல இருக்கிறதைப் பார்க்க வேலி தாண்டலாமா?

கூடாது. அது ஒருவருடைய பிழைப்பு நடக்கிற நிலம். கன்றோடு நிற்கும் பசுவின் அருகே போவது ஆபத்தும்கூட, வருஷா வருஷம் இதில் காயம்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு பக்கத்தில் இருந்தால் கதவைத் தட்டிக் கேளுங்கள், பெரும்பாலும் "போய்ப் பாருங்கள்" என்பார்கள். திறந்த கேட்டைத் திறந்தபடி, மூடிய கேட்டை மூடிவிட்டு வாருங்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள்.

மெட்டல் டிடெக்டர் வெச்சிருக்கேன், சும்மா ஓரமா தேடிப் பார்க்கலாமா?

வேண்டாம். 1987 முதல் அனுமதியின்றித் தொல்பொருள் தேடக் கருவி பயன்படுத்துவது குற்றம். தற்செயலாக எதையாவது கண்டெடுத்தால் நான்கு நாளைக்குள், அதாவது 96 மணி நேரத்துக்குள், தேசிய அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் தெரியாத தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். கல்லறை ஓரத்திலிருந்து ஞாபகத்துக்கு ஒரு கூழாங்கல் எடுத்து வரலாமா என்று கேட்டவர்களுக்கும் இதே பதில்தான். வெள்ளைக் குவார்ட்ஸ் துண்டுகூட யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து வைத்ததாக இருக்கலாம்.

அக்கா, நாங்க அந்தப் பக்கம் வீடு பார்க்கிறோம். தோட்டத்துல இப்படி ஏதாவது இருந்தா என்ன ஆகும்?

பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். தேசிய நினைவுச்சின்னச் சேவையின் வரைபடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. முகவரியைப் போட்டால் பதிவான தொல்லியல் இடங்கள் புள்ளிகளாகத் தெரியும். உங்கள் நிலம் அப்படி ஒரு புள்ளியைச் சுற்றிய எல்லைக்குள் வந்தால், பள்ளம் தோண்டவோ கட்டவோ இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது 1994 சட்டம். 2023இல் புதுச் சட்டம் நிறைவேறி, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. உங்கள் வழக்கறிஞரிடம் தற்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டை விரிவுபடுத்த அனுமதி கேட்டால் தொல்லியலாளர் ஒருவரை உங்கள் செலவில் நிறுத்தச் சொல்லலாம். செப்டிக் டேங்க் மாற்றுவதற்குக்கூட இது பொருந்தும். விலை குறைவாக இருக்கிறதே என்று ஓடிப்போய் வாங்கிவிட்டு அப்புறம் தலையில் கை வைக்காதீர்கள்.

நியூகிரேஞ்ச் பார்த்தாச்சு. இதையும் பார்க்கணுமா? இது யுனெஸ்கோல இருக்கா?

இன்னும் இல்லை. ஸ்லைகோவின் நடைவழிக் கல்லறை நிலப்பரப்பு 2023இல் அயர்லாந்தின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அது முதல் படிதான், முடிவு வர வருஷக்கணக்கில் ஆகும்.

பார்க்கணுமா என்றால், ஒரே கட்டடத்தின் பிரமிப்பு வேண்டுமானால் நியூகிரேஞ்ச் போதும். மலை, கல்லறை, கடல் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கிற ஏற்பாடு புரிய வேண்டுமானால் இங்கே வர வேண்டும். கூட்டமும் இருக்காது. நேரம் குறித்து, வரிசையில் நிறுத்தி, சில நிமிஷத்தில் வெளியே அனுப்புகிற கதை இங்கே கிடையாது.

குழந்தைகளோட வரோம். எப்படி வரணும், எவ்வளவு நேரம் ஆகும்?

டப்ளின் கொனலி நிலையத்திலிருந்து ஸ்லைகோவுக்கு ரயிலில் மூன்று மணி நேரம். அங்கிருந்து டாக்சி அல்லது சைக்கிள். பார்வையாளர் மையம் ஒரு பழைய சிறு வீடு, குளிர்கால மாதங்களில் மூடிவிடுவார்கள். திறக்கும் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறுவதால் கிளம்பும் முன் ஹெரிடேஜ் அயர்லாந்து தளத்தில் பாருங்கள். கட்டணம் சொற்பம். வழிகாட்டி இருந்தால் விடாதீர்கள், ஒரு மணி நேரத்தில் நீங்கள் தனியாகப் பார்த்தால் தெரியாத பாதி விஷயம் தெரியும்.

புல் எப்போதும் ஈரம். சாதாரண ஷூ போட்டு வந்தால் சாக்ஸ் நனையும், குழந்தைகளுக்கு மாற்று சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர வண்டி தள்ளுவது சிரமம். காலையில் கேரோமோர், சாப்பிட்டுவிட்டு நாக்னரே ஏற்றம் என்று வைத்தால் ஒரு நாள் சரியாக இருக்கும். ஏறி இறங்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதன்பின் பக்கத்து ஸ்ட்ராண்ட்ஹில் கடற்கரையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள், ஆனால் தண்ணீரில் இறக்காதீர்கள். அங்கே நீரோட்டம் மோசம், அலைச்சறுக்கு ஆடுபவர்களைத் தவிர யாரும் குளிக்கக் கூடாது என்று பலகை இருக்கும்.